பி.டி.ஓ. அக்காவின் ஐந்து நாள் விடுப்பு

நான் முதன்முதலாகப் பார்த்தபோது அக்கா, கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு விவசாயியிடம், "உங்க சம்பந்தி தேஞ்சு போயிட்டாருங்க. நாத்தனாருங்க நாலு பேரையும் சேர்த்து மாத்திடுங்க, இல்லன்னா ரெண்டு நாள்ல திரும்பி வருவீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த மனிதரும் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "மாத்திடும்மா. போன வருஷமே மாத்தியிருக்கணும்" என்றார்.

எனக்கு அது வேலையில் முதல் நாள். கையில் நியமனக் கடிதம், காலில் கடிக்கிற புது ஷூ. டிராக்டர் விற்கிற கம்பெனி என்று சொல்லித்தான் என்னை எடுத்தார்கள். கல்யாணத் தரகும் உண்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

கம்பெனியின் முன்பக்கம் கண்ணாடி போட்ட விற்பனைக்கூடம். அங்கே நிற்கிற டிராக்டர்களில் சேறு பட்டதே கிடையாது. பின்பக்கம் தகரக் கூரை போட்ட பட்டறை. அங்கே நிற்பவற்றில் சேறு இல்லாத இடமே கிடையாது. இரண்டுக்கும் நடுவில் நீளமான ஓர் அறை, அதுதான் உதிரிபாக ஸ்டோர். பட்டறையைப் பார்த்த மாதிரி அதற்கு ஒரு கவுண்டர். பக்கத்து அறை ஆபீஸ். அங்கே என் மேஜை. என் நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணாடித் தடுப்பு வழியாகக் கவுண்டர் அப்படியே தெரியும்.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. கொண்டையில் ஒரு பால்பாயின்ட் பேனா எப்போதும் குத்தி நிற்கும். மூக்குக்கண்ணாடியின் ஒரு கை உடைந்து, அங்கே சின்னக் கம்பி வளையம் ஒன்று போட்டு இறுக்கியிருக்கும். அதுவும் டிராக்டர் சாமான்தான். பட்டறையில் எல்லாரும் அவரைக் கூப்பிடுவது பி.டி.ஓ. என்று. அவரைவிட மூத்த தலைமை மெக்கானிக், அதாவது எங்கள் மேஸ்திரி, "ஏ பி.டி.ஓ." என்பார். மற்றவர்களுக்கு பி.டி.ஓ. அக்கா.

அந்த மூன்று எழுத்து எனக்குப் புதிதல்ல. என் அப்பா வாடகை டிராக்டர் ஓட்டுகிறவர். டிராக்டரின் முதுகுப்பக்கம் ஒரு சின்னத் தண்டு துருத்திக்கொண்டிருக்கும். எஞ்சினின் பலத்தை வெளியே எடுத்துக் கதிரடிக்கிற மிஷினுக்கோ தண்ணீர் இறைக்கிற பம்புக்கோ கொடுப்பது அதுதான். அதன் பெயர் பி.டி.ஓ. அப்பா அந்த லீவரைப் போடும்போதெல்லாம், "தள்ளி நில்லு, பி.டி.ஓ. போடப் போறேன்" என்று கத்துவார். துணியோ கையோ மாட்டினால் அவ்வளவுதான். ஆக ஏ, பி, சி படிப்பதற்கு முன்னாலேயே பி, டி, ஓ படித்தவன் நான்.

அதனால் வந்த வினை ஒன்றும் உண்டு. ஒன்பதாம் வகுப்புப் பரீட்சையில் முதன்முதலாக அச்சடித்த கேள்வித்தாள் தந்தார்கள். எழுதிக்கொண்டே வந்தால் அடியில் மூலையில் பி.டி.ஓ. என்று போட்டிருக்கிறது. டிராக்டர் இங்கே எதற்கு வந்தது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். அச்சடித்த கம்பெனியின் அடையாளமாக இருக்கும் என்று முடிவு செய்து, விடைத்தாளைக் கட்டிக் கொடுத்துவிட்டு முதல் ஆளாக வெளியே வந்தேன். கணக்கு வாத்தியார் பிறகு கூப்பிட்டார்.

"பின்பக்கத்து நாலு கேள்விய ஏன்டா தொடவே இல்ல?"

"பின்பக்கம் இருக்குன்னு யாரும் சொல்லல சார்."

"கீழ போட்டிருக்குல்ல, தாளைத் திருப்புன்னு?"

அன்றைக்குத்தான் அந்த எழுத்துக்கு இன்னொரு குடும்பமும் உண்டு என்று தெரிந்தது. அந்த நாலு கேள்வியை விட்டவன்தான் பிற்பாடு எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டதாரி ஆனான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. பட்டம் வாங்கிய அன்று அப்பா வேலைக்கே போகவில்லை. டிராக்டரைக் கழுவி வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது இந்த இரண்டு குடும்பத்தாலும்தான்.

அவர் ஸ்டோரில் சேர்ந்தபோது சாமான்கள் வந்த தேதிப்படி அடுக்கிக் கிடந்தனவாம். ஒவ்வொன்றுக்கும் பத்து இலக்கத்தில் ஒரு நம்பர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு வந்த பெண்ணுக்கு நம்பர் ஒன்றும் மனதில் நிற்கவில்லை. ஆனால் எது உடைந்தால் கூடவே எது உடைகிறது என்பது நின்றது. அப்படி ஒன்றாகத் தேய்கிறவற்றை ஒன்றாகக் குடிவைத்தார். குடிவைத்த பிறகு உறவு சொல்லாமல் எப்படி?

பி.டி.ஓ. தண்டோடு மிஷினை இணைக்கும் இடத்தில் சிலுவை மாதிரி ஒரு சாமான் இருக்கும். இந்தப் பக்கத்துக் கவையையும் அந்தப் பக்கத்துக் கவையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுற்றுவது அதுதான். எனவே அது சம்பந்தி. அதன் நாலு முனையிலும் நழுவாமல் பூட்டுகிற நாலு சின்ன வளையங்கள் நாத்தனார்கள். ஆள் சின்னதுதான், ஆனால் அவர்களை மதிக்காமல் எந்தக் காரியமும் நிலைக்காது. சுமை தாங்காமல் போகும்போது கியர் பெட்டி உடையாமல் இருக்கத் தான் முறிந்துபோகிற போல்ட் ஒன்று உண்டு. அது மூத்த மருமகள். கிரீஸுக்குப் பெயர் பேச்சுவார்த்தை. "அது காஞ்சு போச்சுன்னா ரெண்டு குடும்பமும் உரசிக்கும்" என்பார் அக்கா. ஸ்டோரின் தெற்குச் சுவர் முழுக்க இந்தக் குடும்பம்தான். கம்பெனியிலேயே சொந்தபந்தம் அதிகம் உள்ள சுவர்.

இரண்டாவது காரணம், சீட்டு. சாமான் கொடுக்கும்போதெல்லாம் உள்ளங்கை அகலத்தில் ஒரு மஞ்சள் சீட்டு எழுதித் தருவார். முன்பக்கம் நம்பர், எண்ணிக்கை, தேதி. அடியில் கட்டாயம் பி.டி.ஓ. திருப்பினால் வசவு. "போன வாரம் வாங்கின கிரீஸ் துப்பாக்கி உன் மாமனார் வீட்டுக்குப் போயிடுச்சா?" "இந்த ஆயில் சீலைச் சுத்தியலால அடிச்சு ஏத்தினா அடுத்தது உனக்குத்தான் அடி." மெக்கானிக்குகள் சாமானை வாங்கியதும் முதலில் சீட்டைத்தான் திருப்புவார்கள்.

அக்காவின் மகள் படித்த பள்ளியில் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். அதற்கும் பெயர் பி.டி.ஓ. இரண்டு வருடம் அதற்கும் இவர்தான் செயலாளர். "உலகத்துல எந்த பி.டி.ஓ. இருந்தாலும் நம்ம அக்காவ விடாது" என்று பட்டறையில் சிரிப்பார்கள்.

அவர்கள் வாய்முகூர்த்தம், நான் சேர்ந்த நாலாம் மாதம் இன்னொன்றும் வந்து சேர்ந்தது. எங்கள் கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கியது. தலைமை அலுவலகத்திலிருந்து புதுப் படிவங்கள் வந்தன. சாதா லீவு, உடம்பு சரியில்லாத லீவு என்று தனித்தனியாக எதுவும் இனி கிடையாதாம். எல்லாம் ஒரே மூட்டை, வருடத்துக்குப் பன்னிரண்டு நாள், சம்பளம் பிடிக்காத விடுப்பு. மூட்டையின் பெயர் பி.டி.ஓ.

படிவங்களை வாங்கி அனுப்புவது என் வேலை. நான் படித்தவன் ஆயிற்றே, யாருக்கும் எதையும் விளக்கவில்லை, கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். 'தேவைப்படும் பி.டி.ஓ.' என்ற கட்டத்தில் மேஸ்திரி யோசிக்காமல் 540 என்று எழுதிவிட்டார். அந்தத் தண்டு நிமிடத்துக்குச் சுற்றுகிற சுற்று அது, பட்டறையில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். நானும் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். இரண்டாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் பண்ணி, "சார், உங்க தலைமை மெக்கானிக் ஒன்றரை வருஷம் எங்க போறார்?" என்று கேட்டார்.

மேஸ்திரியிடம் சொன்னபோது, "குடுத்தா போறதுக்கு இடமா இல்ல" என்றார்.

எல்லாரும் படிவம் கொடுத்தார்கள். அக்கா மட்டும் கொடுக்கவில்லை. பல்வலி, காய்ச்சல் என்று அரை நாள், ஒரு நாள் போயிருக்கிறாரே தவிர, இத்தனை வருடத்தில் தொடர்ந்து இரண்டு நாள் அவர் வராமல் இருந்ததில்லை. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் என் மேஜைக்கு வந்தார். கொண்டையிலிருந்து பேனாவை உருவினார்.

"தம்பி, அந்த லீவு ஃபாரம் ஒண்ணு குடு. அஞ்சு நாள் வேணும்."

"எங்கக்கா போறீங்க?"

"லாரியில."

அவர் கணவர் தூர ஊர்களுக்கு லாரி ஓட்டுகிறவர். போக இரண்டரை நாள், வர இரண்டரை நாள். கல்யாணமாகி இருபது வருடமாக ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் வழியைக் கதையாகச் சொல்வாராம். கால் மணி நேரம் கடந்தாலும் முடியாத ஒரு பாலம். பதினேழு வளைவு உள்ள மலை, அதில் ஒன்பதாவது வளைவில் மேகம் கண்ணாடியில் ஒட்டும். ரோட்டோரம் ஒரு காற்றாலைக் காடு. எல்லாம் அக்காவுக்கு மனப்பாடம். எதையும் பார்த்ததில்லை. கைக்குழந்தை, பிறகு பள்ளிக்கூடம், பிறகு பரீட்சை என்று தள்ளிப்போய், இப்போதுதான் மகள் விடுதிக்குப் போயிருக்கிறாள்.

"இப்ப முதுகுவலின்னு அவருக்கு உள்ளூர் வேன் குடுத்துட்டாங்க. அடுத்த மாசத்துலேருந்து பத்து கிலோமீட்டர் தாண்ட மாட்டார். புதன்கிழமை போறதுதான் கடைசி நடை. கூட வரலாம்னு அவங்க முதலாளி சொல்லிட்டார். இத விட்டா அந்தப் பாலத்த நான் சொப்பனத்துலதான் பாக்கணும்."

படிவத்தை நானே எடுத்துக்கொண்டு அவருடன் மேனேஜர் அறைக்குப் போனேன். மேனேஜர் கெட்டவர் அல்ல. எதையும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவர், அவ்வளவுதான்.

"அஞ்சு நாளா? அறுவடை நேரத்துலயாம்மா?"

"பன்னெண்டு நாள் இருக்குன்னு உங்க ஃபாரத்துலதான சார் போட்டிருக்கு."

"இருக்கு. இல்லன்னு சொல்லல. கவுண்டர யார் பாக்குறது?"

"பசங்க பாத்துப்பாங்க சார்."

"போன மாசம் பல்வலின்னு அரை நாள் போனீங்க. ரேடியேட்டர் மூடி தேடி எட்டு பேர் உள்ள போனாங்க. எட்டு பேரையும் காணோம்னு ஒன்பதாவதா நான் போனேன்."

அக்கா தரையைப் பார்த்தார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஒரு வழி சொன்னார். திங்கட்கிழமை அக்கா ஆபீஸில் உட்கார வேண்டும். ஸ்டோர் பக்கம் தலைகாட்டக் கூடாது, யாருக்கும் எதையும் வாய் திறந்து சொல்லக் கூடாது. அன்றைக்கு வருகிற வண்டிகள் எல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்குள் சரியாகி வெளியே போய்விட்டால், புதன்கிழமை அக்காவும் போகலாம். ஒரு வண்டி தங்கினாலும் படிவம் டிராயரில் தங்கும்.

அறைக்கு வெளியே வந்ததும் அக்கா, "சாமானெல்லாம் என் மண்டையில இருக்கு. மண்டையக் கழட்டி வெச்சுட்டா போக முடியும்?" என்றார். அன்று மாலை வரை எந்தச் சீட்டின் பின்பக்கத்திலும் வசவு இல்லை. வெறும் பி.டி.ஓ. மட்டும் இருந்தது. திருப்பினால் ஒன்றும் எழுதாத தாள். மெக்கானிக்குகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. பிரச்சினை அக்கா மண்டையில்தானே இருக்கிறது, அதை வெளியே எடுத்து வைத்துவிட்டால்? இருப்புக் கணக்கெடுக்க ஸ்டோர் சாவி ஒன்று என்னிடம் இருந்தது. தலைமை அலுவலகம் அனுப்பிய நம்பர் வரிசைப் பட்டியலும் இருந்தது. யார் வந்தாலும் நம்பரைப் பார்த்து எடுக்கிற மாதிரி செய்துவிட்டால் அக்கா நிம்மதியாகப் போகலாம். மூன்று வருடம் கல்லூரியில் படித்ததே இதற்காகத்தான் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் போய்விட்டேன். வாட்ச்மேன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டு உட்கார்ந்து, நான் பெட்டிகளை இறக்குவதையே பார்த்தார்.

"அக்காகிட்ட கேட்டாச்சா தம்பி?"

"சொல்லலண்ணே. நாளைக்கு வந்து பாத்து சந்தோஷப்படட்டும்."

"அப்படியா" என்றார். அந்த 'அப்படியா'வை நான் கவனித்திருக்க வேண்டும்.

அறுநூற்று நாற்பது பெட்டிகள். மாலை ஐந்துக்குள் ஒவ்வொன்றிலும் நம்பர் அச்சடித்து ஒட்டி, சிறியதிலிருந்து பெரியது வரை வடக்குச் சுவரில் ஆரம்பித்துத் தெற்குச் சுவரில் முடித்தேன். உள்ளே நின்று ஒரு தடவை சுற்றிப் பார்த்தபோது வகுப்பில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பது போல இருந்தது. எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்க வேண்டும் போலிருந்தது.

திங்கட்கிழமை காலை எட்டரைக்குக் கவுண்டரில் நான் நின்றேன். என் நாற்காலியில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அக்கா. முதலில் வந்தவர் மைக் என்று பெயர் வாங்கிய மெக்கானிக். அவர் ரகசியம் சொன்னால் விற்பனைக்கூடத்தில் கேட்கும்.

"பட்டதாரி, ஒரு சம்பந்தி குடு."

"நம்பர் சொல்லுங்கண்ணே."

"சம்பந்திக்கு ஏதுப்பா நம்பர்? தெக்குச் செவுத்துல ரெண்டாவது தட்டுல இருப்பார், கூட்டிட்டு வா."

"இப்ப அங்க இல்லண்ணே. எல்லாம் நம்பர்படி இருக்கு."

மைக் கவுண்டரின் மடக்குப் பலகையைத் தூக்கிவிட்டு உள்ளே வந்தார். தெற்குச் சுவரைப் பார்த்தார். அவர் குரல் அன்றைக்குத்தான் முதன்முறையாக இறங்கியது. "டேய், குடும்பத்தையே காலி பண்ணிட்டியே."

பத்து மணிக்குள் ஏழு பேர் ஸ்டோருக்குள் இருந்தார்கள். சம்பந்தி வடக்குச் சுவரில், நாத்தனார்கள் பரணில், மூத்த மருமகள் கதவுக்குப் பின்னால். மெக்கானிக்குகளுக்கு நம்பர் தெரியாது, எனக்கு உறவு தெரியாது. நடுவில் கம்ப்யூட்டரில் தேடினால் சம்பந்தி என்ற பெயரில் எந்தப் பொருளும் இருப்பில் இல்லை என்று வருகிறது. ஒருவழியாகத் தேடிப் பிடித்து ஒரு வண்டிக்குச் சம்பந்தியை மட்டும் மாற்றி அனுப்பினோம். பக்கத்துப் பெட்டியில் நாத்தனார் இருந்திருந்தால் கை தானாகப் போயிருக்கும். இப்போது பக்கத்துப் பெட்டியில் இருந்தது ஹார்ன். பழைய வளையம் தெறித்து, போன வண்டி முக்கால் மணி நேரத்தில் இன்னொரு வண்டியின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு திரும்பி வந்தது. வாசலில் ஐந்து டிராக்டர்கள் வரிசை. மேனேஜர் அறைக்கு வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் விரல் மேஜையில் தாளம் போடுவது நின்றுவிட்டிருந்தது.

நான் உள்ளே போனேன். "அக்கா, நேத்து நான்தான் வந்து... நம்பர்படி அடுக்கினா உங்களுக்கு லீவு கெடைக்கும்னு..."

அவர் என்னையே பார்த்தார். வாய் திறக்கக் கூடாதே. கொண்டையிலிருந்து பேனாவை உருவி ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி நீட்டினார். முன்பக்கம்: "நல்லது நெனச்சுத்தான் செஞ்சிருப்ப." அடியில் பி.டி.ஓ. திருப்பினேன். "யாரைக் கேட்டுச் செஞ்ச?"

அதற்குள் மேனேஜர் எட்டிப் பார்த்து, "எழுதவும் கூடாதும்மா" என்றார். அக்கா பேனாவைத் திரும்பக் கொண்டையில் குத்திக்கொண்டார். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

நான் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்தேன். மேஸ்திரி அதைப் பிடுங்கிப் படித்தார். இரண்டு பக்கமும் படித்தார். பிறகு தன் டூல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கவுண்டரில் டங்கென்று வைத்து மூடியைத் திறந்தார்.

மூடியின் உள்பக்கம் முழுக்க மஞ்சள் சீட்டுகள். கிரீஸ் கையால் ஒட்டி ஒட்டி, மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று.

"இதையெல்லாம் எதுக்கண்ணே வெச்சிருக்கீங்க?"

"எதுக்குத் தூக்கிப் போடணும்? மத்தியானம் சாப்பிடறப்ப எடுத்துப் படிச்சா சோறு நல்லா எறங்கும்."

ஒன்றை உரித்து என் கையில் கொடுத்தார். முன்பக்கம் பத்து இலக்க நம்பர். பின்பக்கம்: "சம்பந்தி போனா நாத்தனார் நாலும் புதுசு. பக்கத்து டப்பாதான், கை நீட்டினா எட்டும். மறந்தா வண்டிய நீயே தள்ளிட்டு வா." இன்னொன்று: "மருமகள் மேல்தட்டுல வலது ஓரம். ரெண்டா எடுத்துட்டுப் போ, ஒண்ணு எப்படியும் முறியும்."

மைக் தன் பெட்டியைக் கொண்டுவந்தார். அவரிடம் முன்னூறு தேறும். மற்றவர்களும் ஓடினார்கள். ஒருவர் சீட்டுகளைத் தேதி வாரியாகக் கம்பியில் கோத்து வைத்திருந்தார். கேட்டதற்கு, "என்னைத்தான் அதிகமா திட்டியிருக்கு, சந்தேகம்னா எண்ணிப் பாருங்க" என்றார். இத்தனை வருடம் அக்கா மண்டைக்குள் இருப்பதாக எல்லாரும் நினைத்த ஸ்டோர், ஒன்பது டூல்ஸ் பெட்டிகளில் துண்டு துண்டாக எழுதிக் கிடந்தது. அவருக்கே அது தெரியாது.

அதன் பிறகு வேலை பிடித்துக்கொண்டது. ஒருவர் சீட்டின் முன்பக்கத்தைப் பார்த்து நம்பரைக் கத்துவார். நம்பர் வரிசை இப்போது என் கைக்குள், பெட்டியை நொடியில் எடுத்து நீட்டுவேன். இன்னொருவர் சீட்டைத் திருப்பி, எந்தத் தட்டு, யார் பக்கத்தில் என்று படிப்பார். மூன்றாமவர் கொண்டுபோய் வைப்பார். நான் செய்த காரியம் முழுக்க வீண் இல்லை என்று அப்போது கொஞ்சம் மூச்சு வந்தது. சத்தமாகப் படிக்கிற வேலை மைக்குக்கு. அவர் வசவையும் விடாமல் படித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்த முதுகு, பன்னிரண்டாவது சீட்டில் லேசாகக் குலுங்கியது. இருபதாவதில் அக்கா திரும்பிவிட்டார். வாயை இரண்டு கையாலும் பொத்தியிருந்தார்.

மத்தியானம் இரண்டு மணிக்குத் தெற்குச் சுவர் குடும்பம் திரும்பக் குடியேறியது. மற்றச் சுவர்களை அப்படியே நம்பர்படி விட்டோம், நேரம் இல்லை. வாசலில் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்து வெளியே போயின. பதினாலாவது வண்டி, அன்றைக்குக் கடைசி, ஆறு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது கேட்டைத் தாண்டியது. நாத்தனார் நாலும் புதுசு. மேஸ்திரியே எண்ணிப் பார்த்து அனுப்பினார்.

மேனேஜர் வந்தார். இந்த முறை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "போயிட்டு வாங்கம்மா. இனிமே பேசலாம்."

எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தோம். அவர் கவுண்டருக்கு வந்து, தெற்குச் சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஒரு பெட்டியை அரை அங்குலம் நகர்த்தினார்.

"எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சிருக்கு. அப்புறம் எதுக்குடா தெனம் வந்து, அக்கா அது எங்க, அக்கா இது எங்கன்னு என் உயிர வாங்குனீங்க?"

"நீ எடுத்துக் குடுத்தா வசதியா இருந்துச்சு" என்றார் மேஸ்திரி.

"அப்ப நான் எதுக்கு இங்க?"

"திட்டுறதுக்கு. அதுக்கு வேற ஆள் கிடைக்காது பி.டி.ஓ."

"படிச்சவன் ஒருத்தன் வந்து குடும்பத்தையே பிரிச்சு வெச்சான். அவன யாராவது ஏதாவது சொன்னீங்களாடா?" என்று என் பக்கம் திரும்பினார். அடுத்த கால் மணி நேரம் எனக்குக் கிடைத்ததை இங்கே எழுதப் போவதில்லை. அக்கா பழையபடி ஆகிவிட்டார் என்று பட்டறை முழுக்கச் சந்தோஷப்பட்டது. நானும்தான்.

மேனேஜர் டிராயரில் இருந்த படிவத்தை அன்றைக்கே வாங்கி அக்காவிடம் கொடுத்தேன். தேவைப்படும் பி.டி.ஓ. என்ற கட்டத்தில் 5 என்று எழுதி, அதன் மேலேயே இன்னொரு தடவை அழுத்தி எழுதினார்.

புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு லாரி எங்கள் கேட் வழியாகத்தான் போனது. அந்த வழி நேர்வழி இல்லை. சுற்றிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். பட்டறை வேலை எட்டரைக்குத்தான் ஆரம்பம், ஆனாலும் எல்லாரும் ஏழு மணிக்கே கேட்டில் இருந்தோம். கேபினில் உயரத்தில், மடியில் ஒரு புதுத் தலையணையோடு அக்கா உட்கார்ந்திருந்தார். கொண்டையில் பேனா இல்லை. அவர் கணவர் ஹார்னை நீளமாக அடித்தார். மைக், "மாமா, அக்காவ மலையில எறக்கி விட்டுட்டு வந்துடுங்க" என்று கத்தியது அடுத்த தெருவுக்கும் கேட்டிருக்கும்.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் கவுண்டர் ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடியது. சொல்லப்போனால் அவர் இருந்த நாட்களைவிட அரை மணி நேரம் முன்னதாகவே வண்டிகள் வெளியேறின. திட்டு வாங்குகிற நேரம் மிச்சம். வெள்ளிக்கிழமை மாலை நான் போன் பண்ணினேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை. எஞ்சின் இரைச்சலுக்கு நடுவில் அவர் குரல் வந்தது.

"என்ன தம்பி, என்ன காணோம்?"

"ஒண்ணும் காணாம போகலக்கா. சும்மாதான். பாலம் பாத்தீங்களா?"

"நேத்தே பாத்தாச்சு. இந்த மனுஷன் கால் மணி நேரம்னு சொன்னதெல்லாம் பொய்யி. பன்னெண்டு நிமிஷம். நான் மணி பாத்துட்டே வந்தேன்." பின்னால் அவர் கணவர் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. "இப்ப மலை. ஆறாவது வளைவு." பிறகு மெதுவாகக் கேட்டார்: "கவுண்டர் எப்படி இருக்கு?"

"ஓடுதுக்கா."

"ஓ. நல்லாவே ஓடுதா?"

அந்தக் கேள்வியில் என்ன இருந்தது என்று எனக்குப் புரிந்தது. மேஸ்திரி எதிரில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா எங்கக்கா ஓடுது? காலையிலேருந்து ஒரு சீல் தேடி நாலு பேர் உள்ளேயே இருக்காங்க. மைக் அண்ணன் மருமகளுக்குப் பதிலா வேற யாரையோ கூட்டிட்டு வந்துட்டார். மேனேஜர் ரெண்டு தடவ உள்ள போயிட்டு வந்துட்டார்."

"அப்படித்தான் ஆகும்" என்றார் அக்கா. குரலில் அப்படி ஒரு குளிர்ச்சி. "எனக்குத் தெரியும். சரி சரி, அந்த சீல் எங்க இருக்குன்னா..."

மறுபக்கம் எஞ்சின் சத்தம் மாறியது. கியர் இறங்கியிருக்க வேண்டும். "இந்தா, வெளிய பாரு, வருது பாரு" என்று அவர் கணவர் குரல் கேட்டது.

"தம்பி, சீலை நீங்களே தேடுங்க. எனக்கு இப்ப நேரமில்ல, மேகம் வருது" என்று போனை வைத்துவிட்டார்.